மூன்று மணிக்கு இருட்டிவிடும் ஊரில் ஒரு விடுமுறை

டிசம்பர் நடுவில் ஸ்டாக்ஹோமில் சூரியன் காலை எட்டரை மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். பிற்பகல் இரண்டே முக்காலுக்கெல்லாம் போய்விடும். இடைப்பட்ட ஆறு மணி நேரத்திலும் ஒழுங்காக மேலே வராது. உச்சிப்பொழுதில்கூட அடிவானத்திலிருந்து ஏழு பாகைக்குச் சற்று மேலேதான் நிற்கும். அதே நாளில் சென்னையில் ஐம்பது பாகைக்கு மேல் ஏறியிருக்கும். இங்கே மதியம் பன்னிரண்டு மணிக்கு நம் நிழல் தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரில் ஏறுகிறது. அதுவும் வெயில் அடித்தால்தான். பெரும்பாலும் மேகம்.

இதெல்லாம் தெரிந்துதான் 2024 டிசம்பரில் போனோம். நானும் கணவரும் நெதர்லாந்தில் இருக்கிறோம். அம்மா திருவண்ணாமலையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். "பாரிஸ், ரோம்னு கூட்டிட்டுப் போகாம அம்மாவை இருட்டுல கொண்டுபோய் விடுறியா?" என்று சித்தி போனில் கேட்டார். கணவருக்கும் அரை மனசுதான். அவர் முன்பு வேலை விஷயமாக ஒரு ஜூன் மாதம் அங்கே போனவர். ராத்திரி பத்து மணிக்கு வெயில், தண்ணீர்க் கரையெல்லாம் கூட்டம், படகு, ஐஸ்கிரீம். அப்படிப் பார்த்த ஊரை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம்.

என் கணக்கு வேறு. கோடையில் எந்த ஐரோப்பிய ஊரும் அழகாகத்தான் இருக்கும், அதில் ஊரின் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஒரு நகரம் தன் ஜனங்களை எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்க அதன் மோசமான பருவத்தில் போக வேண்டும். சென்னையைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களை மே மாதம் வரச் சொல்லும் கட்சி நான்.

போவதற்கு முன்பு இரண்டு ஆசைகளை இறக்கி வைத்துவிடுவது நல்லது. ஒன்று, வடதுருவ ஒளி. ஸ்வீடன் என்றாலே வானத்தில் பச்சைத் திரை ஆடும் படம்தான் எல்லார் மனதிலும் இருக்கிறது. ஸ்டாக்ஹோம் இருப்பது 59 பாகை வட அட்சத்தில். அந்த ஒளியை நம்பிப் போகிறவர்கள் கிருனா, அபிஸ்கோ பக்கம் போக வேண்டும், சாலை வழியாக 1,200 கிலோமீட்டருக்கும் மேல். சூரியப் புயல் பலமாக இருந்தால் எப்போதாவது தலைநகரிலும் தெரியும், அதை நம்பி ஹோட்டல் போட முடியாது. இரண்டாவது, பனி. கடலை ஒட்டிய ஊர் என்பதால் டிசம்பர் சராசரி வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கும். நாங்கள் இருந்தபோது மழைத் தூறலும் ஈரக் கல் தெருவும்தான். உள்ளூர்க்காரர்களுக்கும் இதுதான் பெரிய குறை. பனி விழுந்துவிட்டால் தரை வெளுத்து, தெருவிளக்கு வெளிச்சத்தை எல்லாம் திருப்பியடித்து, ஊரே பிரகாசமாகிவிடும். பனி இல்லாத நவம்பரும் டிசம்பரும்தான் உண்மையான இருட்டு.

அந்த இருட்டில் முதலில் கண்ணில் படுவது ஜன்னல்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நான்கு ஞாயிறுகளில் முதலாவது வந்ததும் ஸ்வீடன் முழுக்க ஒரே காரியம் நடக்கிறது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு விளக்கு ஏறுகிறது. ஒன்று காகித நட்சத்திரம், உள்ளே ஒரு பல்பு. இன்னொன்று முக்கோண வடிவ மரத் தாங்கி, அதில் மெழுகுவர்த்தி மாதிரி ஏழு சின்ன பல்புகள். இந்த இரண்டாவது வகை ஏதோ பழங்காலச் சடங்குப் பொருள் என்று நினைத்திருந்தேன். 1930களில்தான் வந்திருக்கிறது. கோதன்பர்க் நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர், விற்காமல் திரும்பி வந்த கிறிஸ்துமஸ் மர விளக்குகளை வைத்து வீட்டுக்காகச் செய்து பார்த்தது. இப்போது அது இல்லாத ஜன்னலைத் தேட வேண்டியிருக்கிறது. பணக்கார வீடு, வாடகைக் குடியிருப்பு, பல் மருத்துவர், வக்கீல் அலுவலகம், சைக்கிள் கடை எல்லாவற்றிலும் அதே ஏழு பல்பு, அதே மஞ்சள்.

கலர் கலராக மினுக்கும் சரவிளக்கு அநேகமாக இல்லை. பாட்டும் அலறவில்லை. தெருவிளக்குகள்கூட நம் ஊர் ஹாலஜன் போலக் கண்ணைக் கூசவில்லை, நடக்கப் போதுமான அளவுதான். இருட்டை விரட்டியடிக்க இவர்கள் முயற்சி செய்வதே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதை அதன் போக்கில் விட்டுவிட்டு, ஆளுக்கொரு விளக்கை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். திரைச்சீலையும் போடுவதில்லை. நாலு மணிக்கு நடந்து போனால் யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பது வரை தெரிகிறது. அம்மா ஒவ்வொரு ஜன்னலுக்கும் நின்றார். நாங்கள் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அடுத்தது பிரதிபலிப்பான்கள். கோட்டின் பையிலிருந்து நூலில் தொங்கும் ஒரு சின்னத் தகடு. கார் விளக்கு பட்டால் பளீரென்று அடிக்கும். பெரியவர்கள் பூ, இதயம், கடமான் என்று பல வடிவங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். நாய்களுக்கும் உண்டு. மழலையர் பள்ளிக் குழந்தைகள் முழு மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு ஜோடி ஜோடியாக நடந்து போகிறார்கள். மழை, குளிர் எதற்கும் அவர்களை உள்ளே அடைத்து வைப்பதில்லை. ஒரு காபிக் கடை வாசலில் தள்ளுவண்டியில் கைக்குழந்தை கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது, அம்மாக்காரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வடக்கு நாடுகளில் இது சர்வ சாதாரணம், வெளிக்காற்றில் குழந்தை நன்றாகத் தூங்கும் என்கிறார்கள். என் அம்மாவால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. அந்தப் பெண் வெளியே வந்து குழந்தையைத் தூக்கும் வரை காவல் காத்தார்.

உடுப்பு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம்மவர்கள் இதில்தான் காசை வீணாக்குகிறார்கள். பிரம்மாண்டமான ஒரே கோட்டு வேண்டாம். உள்ளே மெல்லிய கம்பளிப் பனியன், அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஒரு ஜாக்கெட். வெளியே பூஜ்யம் என்றாலும் கடை, ரயில், அருங்காட்சியகம் எல்லாம் இருபது டிகிரிக்கு மேல். நகரக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தரைக்கடியில் ஓடும் குழாய்கள் வழியாகப் பொது வெந்நீர் வருகிறது. உள்ளே நுழைந்ததும் கழற்றி மாட்டத் தோதான உடுப்புதான் முக்கியம். அதற்கான கொக்கிகள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம். பனி உறைந்த நாள்களில் நடைபாதையில் பொடி ஜல்லி தூவுகிறார்கள், வயதானவர்கள் ஷூவுக்கு அடியில் முள் வைத்த ரப்பர் பட்டி மாட்டிக்கொள்கிறார்கள்.

பகல் இவ்வளவு குட்டையாக இருப்பதால் ஒரு சௌகரியம் உண்டு. பட்டியல் போட்டு ஓட முடியாது. காலை பத்திலிருந்து மூன்றுக்குள் வெளியே நடக்க வேண்டியதை நடந்துவிட வேண்டும், மிச்சமெல்லாம் உள்ளே. சூரிய அஸ்தமனம் பார்க்க சோடர்மால்ம் தீவின் வடக்கு விளிம்பில் மொன்டேலியஸ் பாதை என்று ஒரு மரப்பலகை நடைபாதை இருக்கிறது. கீழே மேலாரன் ஏரி, எதிரே நகர மன்றத்தின் 106 மீட்டர் கோபுரம். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அப்படியே அஸ்தமனத்துக்குப் போகலாம். "என்னடி இது, பாத்திரம் கழுவுற நேரத்துல விளக்கேத்த வேண்டியிருக்கு" என்றார் அம்மா.

இருட்டிய பிறகு நாங்கள் அதிகம் சுற்றியது தரைக்கடியில். ஸ்டாக்ஹோம் மெட்ரோவில் 100 நிலையங்கள், தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் ஓவியமோ சிற்பமோ இருக்கிறது. மொத்தம் 110 கிலோமீட்டர் நீளமுள்ள கலைக்கூடம் என்று அவர்களே விளம்பரம் செய்கிறார்கள், அது மிகையில்லை. நீலப் பாதையின் நிலையங்கள் பாறையைக் குடைந்து, அந்தக் குடைந்த கோலத்தை மறைக்காமல் அப்படியே சிமெண்ட் பூசி விட்டவை. மைய நிலையமான டி-சென்ட்ரலேனில் வெள்ளைக் குகை முழுக்க நீலக் கொடிகள் படர்கின்றன. பேர் ஓலோஃப் உல்ட்வெட் என்ற ஓவியர் 1975இல் செய்தது. தினமும் அவசரத்தில் மாறுகிற பயணிகளின் மனசு அமைதியாக இருக்கட்டும் என்று நீலத்தைத் தேர்ந்தெடுத்தாராம். ஒரு மேடையில் அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்களையும் வரைந்திருக்கிறார். அது எனக்கு மிகவும் பிடித்தது. சோல்னா சென்ட்ரமில் கூரை முழுக்க ரத்தச் சிவப்பு, அதன் கீழே பச்சைக் காட்டின் நெடுங்கோடு. காடு அழிவது, கிராமம் காலியாவது என்று எழுபதுகளின் ஸ்வீடனைப் பற்றிய காட்சிகள் அந்தக் காட்டுக்குள் இருக்கின்றன. அரசாங்கக் காசில் அரசாங்கத்தைத் திட்டி வரைந்த சுவர்! 75 நிமிட டிக்கெட் ஒன்றில் இதையெல்லாம் பார்க்கலாம், வெளியே வராமல் இருந்தால் போதும். வழிகாட்டி வைத்துக்கொண்டு சுற்றுவதற்குத் தனியாகக் கட்டணம் வாங்குகிற ஆள்களும் உண்டு, தேவையில்லை.

நோபல் பரிசு வாரம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஆல்ஃபிரட் நோபல் இறந்த டிசம்பர் 10ஆம் தேதிதான் ஒவ்வொரு ஆண்டும் பரிசளிப்பு. அந்த வாரத்தில் நகரத்தின் கட்டடங்கள் மேல் ஒளிக்கலைக் காட்சிகளும் நடக்கின்றன, 2020இல் தொடங்கிய பழக்கம். பழைய நகரமான காம்லா ஸ்தானின் நடுச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை. சிவப்புக் குடில்கள், வைக்கோல் ஆடுகள், இஞ்சி பிஸ்கட். சதுக்கம் சின்னது, சந்தையும் சின்னது, ஒரு சுற்று போதும். 1520 நவம்பரில் டென்மார்க் அரசன் இரண்டாம் கிறிஸ்தியான் எண்பதுக்கும் மேற்பட்ட ஸ்வீடன் பிரபுக்களையும் பாதிரியார்களையும் தலை வெட்டியது இதே சதுக்கத்தில்தான். அந்த இடத்தில் இப்போது பஞ்சுமிட்டாய் வாசனை.

சந்தைக்குப் பின்னால் இருக்கும் பழைய பங்குச் சந்தைக் கட்டடம்தான் நோபல் அருங்காட்சியகம். மேல் தளத்தில் ஸ்வீடிஷ் அகாதமி, இலக்கியப் பரிசை அறிவிப்பவர்கள். பரிசு பெற்றவர்கள் ஆளுக்கொரு சின்னப் பொருளைக் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். அந்த வாரம் தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங், எழுதும்போது தேநீர் குடித்த சின்னக் கோப்பையைக் கொடுத்திருந்தார். உணவகத்து நாற்காலிகளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அடியில் கையெழுத்துகள் இருக்கின்றன, பரிசு பெற வந்தவர்கள் போட்டவை. தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் பதக்கமும் கடையில் விற்கிறார்கள். சொந்தக்காரர்களுக்கு வாங்கிப் போகத் தோதான ஒரே மலிவுச் சரக்கு அதுதான்.

ஆனால் நான் பார்க்க ஆசைப்பட்டது அருங்காட்சியகத்தை இல்லை. ஹோட்டோர்யெட் சந்தைத் திடலில் நிற்கும் நீல நிறக் கச்சேரி மண்டபம். 1926இல் கட்டியது. அதன் வாசலில் குளிரிலும் காய்கறி, பழம், பூ விற்கிறார்கள். அம்மா ஆரஞ்சு பேரம் பேசிக்கொண்டிருந்தார், தமிழில். கடைக்காரர் அரபியிலோ துருக்கியிலோ ஏதோ சொல்ல, எப்படியோ ஒரு பழம் கூடுதலாக வந்தது.

திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1930 டிசம்பர் 10 அன்று அந்த மண்டபத்துக்குள்தான் மனைவி லோகசுந்தரியோடு வந்தார். பரிசு அறிவிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே கப்பலில் இடம் போட்டுவிட்டார் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். அவர் பின்னாளில் நினைவுகூர்ந்த இன்னொரு விஷயம் அவ்வளவாகத் தெரியாது. மேற்கத்திய முகங்கள் நிறைந்த அந்தக் கூடத்தில், தலைப்பாகையும் மூடிய கோட்டுமாகத் தான் ஒருவர் மட்டும் இந்தியர். மன்னர் ஐந்தாம் குஸ்தாவிடம் பரிசை வாங்கிக்கொண்டு திரும்பினால், தான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே பிரிட்டிஷ் கொடி. தன் நாட்டுக்கென்று ஒரு கொடிகூட இல்லையே என்று அப்போதுதான் உறைத்ததாம், மேடையில் உடைந்து அழுதிருக்கிறார். 1983இல் அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், 2009இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். மூன்று பேரும் வந்தது இதே இருட்டு மாதத்தில், இதே கட்டடத்துக்கு. இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "லோகசுந்தரி அம்மா அந்தக் குளிருக்குப் புடவைதான் கட்டியிருப்பாங்களா?"

பரிசளிப்பு முடிந்ததும் விருந்து நகர மன்றத்தில். ராக்னர் ஓஸ்ட்பெரி வடிவமைத்து 1923இல் திறந்த கட்டடம். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுகிறார்கள். விருந்து நடக்கும் இடத்துக்கு 'நீல மண்டபம்' என்று பெயர், ஆனால் முழுக்க முழுக்கச் செங்கல் சிவப்பு. நீலம் பூசுவதாகத்தான் திட்டம். செங்கலின் அழகைப் பார்த்த கட்டடக் கலைஞர் மனசு மாறிவிட்டார், பெயர் மட்டும் நின்றுவிட்டது. மாலை உடுப்பில் வரும் பெண்கள் தடுக்காமல் இறங்க வேண்டும் என்பதற்காகப் படிக்கட்டில் தன் மனைவியையே நீண்ட கவுனோடு ஏறி இறங்கச் சொல்லி அளவு எடுத்தார் என்றும் வழிகாட்டி சொன்னார். மேலே தங்க மண்டபத்தில் சுவர் முழுக்க ஒரு கோடியே எண்பது லட்சம் பொன்னொட்டுச் சில்லுகள். எனக்கு அது கொஞ்சம் திகட்டியது. செங்கல் மண்டபம்தான் மனதில் நிற்கிறது.

டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. ஸ்வீடனில் அன்று லூசியா திருநாள். தேதி பார்த்துத்தான் பயணத்தையே அமைத்திருந்தேன்.

காலை ஏழு மணிக்கு ஹோட்டல் சாப்பாட்டு அறையில் விளக்கை அணைத்துவிட்டார்கள். வெளியே நடுராத்திரி போல இருக்கிறது. தாழ்வாரத்திலிருந்து முதலில் பாட்டு மட்டும் வந்தது. அப்புறம் வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் மெழுகுவர்த்திக் கிரீடத்தோடு ஒரு பெண். பின்னால் கையில் ஒவ்வொரு விளக்கோடு மற்ற பெண்கள், கூம்புத் தொப்பியில் நட்சத்திரம் ஒட்டிய பையன்கள். பள்ளிப் பிள்ளைகள்தான், பதினாலு பதினைந்து வயது இருக்கும். மெட்டு நேபிள்ஸ் நகரத்துப் பழைய பாட்டின் மெட்டு, வார்த்தைகள் ஸ்வீடிஷ். கிரீடத்தில் இப்போதெல்லாம் பெரும்பாலும் பேட்டரி விளக்குதான். சில தேவாலயங்களில் இன்னும் நிஜ மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், தலையில் ஈரத்துணி போட்டு அதன் மேல் கிரீடம். அரை மணி நேரம் பாடிவிட்டு வரிசையாகப் போய்விட்டார்கள். போகும்போதும் பாட்டு தாழ்வாரத்தில் தேய்ந்துகொண்டே போனது. விளக்கு போட்டதும் எல்லாரும் ஒன்றும் நடக்காத மாதிரி காபி இயந்திரத்தில் வரிசை கட்டினார்கள்.

சிசிலித் தீவின் கத்தோலிக்கப் புனிதை லூசியாவுக்கு லூத்தரன் நாட்டில் இவ்வளவு மரியாதை ஏன்? பழைய ஜூலியன் நாள்காட்டியில் ஆண்டின் மிக நீண்ட இரவு டிசம்பர் 13 என்று நம்பினார்கள். ஸ்வீடன் 1753இல் நாள்காட்டியை மாற்றிய பிறகும் அந்த ராத்திரி பற்றிய நம்பிக்கைகள் தேதியோடு ஒட்டிக்கொண்டன. மேற்கு ஸ்வீடனின் பெரிய வீடுகளில் இருந்த வழக்கத்தை 1927இல் ஸ்டாக்ஹோம் செய்தித்தாள் ஒன்று ஊர்வலமாக நடத்த, நாடு முழுக்கப் பரவியது. நூறு வயதுகூட ஆகாத ஊர்வலத்தைத் தொன்றுதொட்டு வந்தது போலக் கொண்டாடுகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

அன்று மதியம் வாசா கப்பல் பார்க்கப் போனோம். ஸ்டாக்ஹோமில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால் இதுதான். அரசன் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் போருக்காகக் கட்டிய 64 பீரங்கிக் கப்பல். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் கிளம்பி, ஏறக்குறைய 1,300 மீட்டர் போய், ஒரு காற்றுக்குச் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி ஜன்னல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து, ஊர் ஜனம் கரையில் நின்று பார்க்கப் பார்க்க மூழ்கியது. மேல்பாரம் அதிகம், அடிப்பாரம் போதவில்லை. இது முன்பே தெரிந்திருக்கிறது! கரையில் கட்டி வைத்து முப்பது மாலுமிகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் மூன்றாவது ஓட்டத்தோடு தளபதி நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் அரசன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான், வேண்டாம் என்று அவனிடம் சொல்ல ஆளில்லை. விசாரணை நடந்தது, யாருக்கும் தண்டனை இல்லை. அலுவலகத்தில் வேலை பார்க்கிற எவருக்கும் இந்தக் கதை புதிதாக இருக்காது.

333 ஆண்டுகள் கழித்து 1961இல் அதைத் தூக்கினார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு அங்கே வாழாது. அதனால்தான் கப்பல் அப்படியே இருந்தது. மரம் சுருங்கி வெடிக்காமல் இருக்க பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற வேதிப்பொருளை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். இப்போது பார்ப்பதில் 98 சதவீதம் அசல் மரம் என்கிறார்கள். மரத்தைக் காப்பாற்ற உள்ளே வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு போனால் அரையிருட்டில் ஆறு மாடி உயரத்துக்கு நிற்கிறது. பின்பக்கம் முழுக்கச் சிங்கம், அரசர், தேவதை என்று நூற்றுக்கணக்கான செதுக்கல்கள். கணவர் ஜூன் மாதம் வந்தபோது வரிசையைப் பார்த்துத் திரும்பிவிட்டாராம். இப்போது வரிசையே இல்லை. அன்றுதான் அவர் கட்சி மாறினார்.

வாசாவிலிருந்து திரும்பிய படகு ஸ்லுஸ்ஸென் படகுத்துறை வரை பத்து நிமிடம். மெட்ரோ டிக்கெட்டே செல்லும். மணி ஒன்றரை. வானம் அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது. அம்மா கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தியாவில் மாலை ஆறு மணி. 2024இல் கார்த்திகை தீபமும் அதே டிசம்பர் 13 அன்றுதான். மாத ஆரம்பத்தில் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் இறந்துபோயிருந்தார்கள். மலை இளகியிருந்ததால் பக்தர்களை மேலே ஏற விடவில்லை. தீபம் ஏற்றுகிறவர்கள் மட்டும் போயிருந்தார்கள். நேரலையில் முதலில் கூட்டம், மேகம், மழை ஈரம். அப்புறம் உச்சியில் நெருப்பு. அம்மா எழுந்து நின்று, ஆடுகிற படகில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாமலையானுக்கு அரோகரா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் ஸ்டாக்ஹோம் படகில் யாரும் பேசுவதே இல்லை, அதனால் எல்லாருக்கும் கேட்டது. எதிரே கம்பளித் தொப்பி போட்ட ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். அம்மா போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லூசியா?" என்று கேட்டார். அம்மா யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அம்மா சைவம். கிறிஸ்துமஸ் விருந்து மேஜை என்பது ஸ்வீடனில் பெரிய விஷயம்: பல வகை ஊறல் ஹெர்ரிங் மீன், புகையூட்டிய சால்மன், பன்றித் தொடை, இறைச்சி உருண்டை, மீனும் உருளைக்கிழங்கும் போட்டு கிரீமில் சுட்ட பண்டம். கணவர் ஒரு வெட்டு வெட்டினார். அம்மாவுக்குக் கிடைத்தது பாலில் குழைய வேக வைத்த அரிசிக் கஞ்சி, மேலே பட்டைத் தூளும் சர்க்கரையும். ஏலக்காய் போட்டிருந்தால் பாயசம் என்றார். அதற்கு நேர்மாறாக அவர்கள் ஏலக்காயை ரொட்டியில் போடுகிறார்கள், தாராளமாக. ஏலக்காய் பன் ஒவ்வொரு காபிக் கடையிலும் உண்டு. லூசியாவுக்கு மட்டும் குங்குமப்பூ போட்ட மஞ்சள் பன், எஸ் வடிவத்தில் சுருட்டி இரண்டு திராட்சை வைத்தது. பார்க்க அழகு, சாப்பிட கொஞ்சம் வறட்சி, காபியில் நனைத்தால் சரியாகிவிடும். சூடான மசாலா ஒயினில் உலர்திராட்சையும் பாதாமும் போட்டுச் சின்னக் கோப்பையில் தருகிறார்கள், மது இல்லாத வகையும் உண்டு. யூல்முஸ்ட் என்று ஒரு கறுப்பு சோடா கிறிஸ்துமஸுக்கு மட்டும் கடைகளை நிறைக்கும். 1910லிருந்து விற்கிறார்கள். டிசம்பரில் கோக்கின் விற்பனையையே இறக்கிவிடும் சரக்கு என்கிறார்கள். எனக்கு இருமல் மருந்து ஞாபகம்தான் வந்தது.

செலவு அதிகம்தான். ஸ்வீடன் பணமான குரோனா ஒன்று அப்போது எட்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. காபி நாற்பது ஐம்பது குரோனா, இரவுச் சாப்பாடு எங்கே உட்கார்ந்தாலும் பர்ஸைப் பதம் பார்க்கும். உள்ளூர் ஊழியர்கள் செய்வதைச் செய்தால் தப்பிக்கலாம். வார நாள்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை 'அன்றைய மதிய உணவு' என்று பலகை வைத்திருப்பார்கள். சாலட், ரொட்டி, காபி எல்லாம் அந்த விலைக்குள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டால் ராத்திரிக்கு சூப் போதும். குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் இலவசம். நோட்டுப் பணம் மாற்றிக்கொண்டு போகாதீர்கள். பல கடைகளில் ரொக்கம் வாங்குவதில்லை என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

தேதிதான் முக்கியம். டிசம்பர் 24 அன்றுதான் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். மதியத்தோடு கடைகள் மூடிவிடும், மூன்று மணிக்கு நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து டொனால்ட் டக் பார்க்கும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே பழைய கார்ட்டூன் தொகுப்பு, அதே நேரம். 25ஆம் தேதி உணவகங்களில் பலவும் மூடித்தான் கிடக்கும், 26ம் விடுமுறை. வெளியூர்க்காரர் அந்த மூன்று நாள் போய் இறங்கினால் ஜன்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டு பசியோடு நடக்க வேண்டியதுதான். டிசம்பர் 8லிருந்து 20க்குள் போய் வந்துவிட்டால் நோபல், லூசியா, சந்தை எல்லாம் கிடைக்கும், ஹோட்டல் வாடகையும் கோடையைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

திரும்பி வரும்போது அம்மாவின் பெட்டியில் ஒரு பை நிறைய பிரதிபலிப்பான் தகடுகள். பௌர்ணமி ராத்திரி கிரிவலப் பாதையில் ஆட்டோவும் பைக்கும் நடுவே நடக்கிறவர்களுக்கு இதைக் கையில் கட்டி அனுப்ப வேண்டுமாம். தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டார். இப்போது மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதித் தரச் சொல்லி வாரா வாரம் போன் வருகிறது.